பதினேழாம் கேள்விக்குப் பதில்

அக்கா: நிறுத்து. அந்தப் பதினேழாவதை இன்னொரு தடவை படி.

தம்பி: படிச்சாச்சேக்கா. மணி ரெண்டு இருபது. மூணு மணிக்கு நகராட்சிக்காரங்க டெண்டர் கதவைச் சாத்திடுவாங்க.

அக்கா: கம்ப்யூட்டர்ல ஏதுடா கதவு. படி.

தம்பி: "கடந்த மூன்று ஆண்டுகளில் பணியின்போது எவரேனும் காயமடைந்தனரா?"

அக்கா: கேள்வி எனக்கு மனப்பாடம். தண்ணித் தொட்டி கழுவற டெண்டர்னா வருஷா வருஷம் இதைக் கேக்கறாங்க. பதிலைப் படி.

தம்பி: "ஆம். ஒருவர்."

அக்கா: வருஷா வருஷம் நாம என்ன எழுதுவோம்?

தம்பி: "இல்லை."

அக்கா: அப்போ இந்த ஒருத்தர் யாரு?

தம்பி: யாரும் இல்ல. நான் எழுதலக்கா, சாஃப்ட்வேர் எழுதினது. தெரியாததைக் கேட்டா தெரிஞ்ச மாதிரி அடிச்சு விடும். போன மாசம் நமக்கு நாலு லாரி இருக்குன்னு எழுதலையா?

அக்கா: நாலு லாரின்னா பெருமைக்கு எழுதியிருக்கும். தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்குமா?

தம்பி: அதுக்கு ஏதுக்கா தலை. நம்ம தலைதான்.

அக்கா: அதைத்தான் சொல்றேன். கீழே இன்னும் என்னமோ இருக்கே.

தம்பி: அது... விளக்கம். விடேன், அழிச்சுடறேன்.

அக்கா: கையை எடு. படிச்சுட்டு அழி.

தம்பி: "பள்ளியின் தரையடித் தொட்டியைக் கழுவும்போது ஏணியின் மூன்றாம் படி முறிந்து, தொழிலாளி ஒருவர் பத்தடி ஆழத்தில் விழுந்தார். வலது முழங்கால் உடைந்தது. மேலே காவலுக்கு யாரும் இருக்கவில்லை. அவர் குரல் கேட்டு ஓடி வந்தவர் பள்ளித் தோட்டக்காரர்."

அக்கா: அவ்வளவுதானா?

தம்பி: அவ்வளவுதான். கதை நல்லாத்தான் விடுது.

அக்கா: தோட்டக்காரர் வரைக்கும் வந்துடுச்சு.

தம்பி: பள்ளிக்கூடம்னா தோட்டக்காரர் இருப்பாருன்னு அதுக்குத் தெரியாதா?

அக்கா: இதை அதுகிட்ட யாருடா சொன்னது?

தம்பி: சொன்னதுன்னா... நடந்ததுன்னு நினைக்கிறியா?

அக்கா: நான் ஏன் நினைக்கணும்? நடந்திருந்தா எனக்குத் தெரியாமலா போகும்?

தம்பி: அதான் நானும் கேக்கறேன். நீ எதையாவது உள்ளே போட்டியா? போன வாரம் அலமாரிக் காகிதம் பூரா ஸ்கேன் பண்ணிக் கொடுத்தியே.

அக்கா: லைசென்ஸ், வரி ரசீது, பழைய டெண்டர். நீ கேட்டதைத்தான் கொடுத்தேன். இடுக்குல வேற ஏதாவது இருந்திருக்கும்னு சொல்றியா?

தம்பி: நான் சொல்லல. நீதான் சொல்றே.

அக்கா: என் முகத்தைப் பார்த்துப் பேசு.

தம்பி: திரையைப் பார்க்காம எப்படிக்கா டெண்டர் அனுப்பறது?

அக்கா: வலது முழங்கால். நம்ம ஆளுங்க பதினெட்டு பேர்ல வலது காலை இழுத்து நடக்கறது யாரு?

தம்பி: நெட்டையண்ணன். ஆனா அது பைக்ல போய் விழுந்தது. உனக்கே தெரியுமே.

அக்கா: நீ சொல்லித்தான் தெரியும்.

தம்பி: நான் சொன்னா சந்தேகமா?

அக்கா: அவருக்கு ஏதுடா பைக்? இருக்கறது ஒரு ஓட்டைச் சைக்கிள்.

தம்பி: இரவல்... அவர் மச்சினனோடது.

அக்கா: அவர் சம்சாரம் வீட்டுக்கு ஒரே பிள்ளை. மச்சினன் எங்கேர்ந்து முளைச்சான்?

தம்பி: ரெண்டு வருஷம் கழிச்சு இவ்வளவு துருவறியே, அப்பவே ஏன் கேக்கல?

அக்கா: அந்தத் தண்ணியை எடு.

தம்பி: இந்தா. நான் கேட்டேனேக்கா.

அக்கா: அது இருக்கட்டும். மணி என்ன?

தம்பி: ரெண்டு முப்பத்தஞ்சு. "இல்லை"ன்னு மாத்தட்டுமா? நாற்பத்திரண்டு பள்ளிக்கூடம்க்கா. இது போச்சுன்னா பதினெட்டு பேரும் வீட்டுல உக்கார வேண்டியதுதான். நாமளும்தான்.

அக்கா: மாத்தினா, கீழே கையெழுத்து யாருது?

தம்பி: உன்னுது. எப்பவும் உன்னுதுதானே.

அக்கா: "மேற்கண்டவை அனைத்தும் உண்மை." நாளைக்குப் பொய்னு தெரிஞ்சா அஞ்சு வருஷம் எந்த டெண்டர்லயும் தலை காட்ட முடியாது.

தம்பி: உனக்குத் தெரிஞ்ச வரைக்கும்தானே உண்மை. தெரியாததுக்கு நீ என்ன பண்ணுவே?

அக்கா: எனக்குத் தெரியக்கூடாதுன்னு யாராவது பார்த்துக்கிட்டாங்களா?

தம்பி: மணி ஓடுதுக்கா.

அக்கா: சரி, அதை விடு. காகிதம் தவிர இதுக்குள்ள வேற என்ன போட்டே?

தம்பி: நம்ம ஆளுங்க குரல். வேலை செய்யற முறையை எழுதணுமே. நீயும் நானுமா தொட்டிக்குள்ள இறங்கறோம்? அதனால போனை ஆளுக்குப் பத்து நிமிஷம் கையில கொடுத்தேன். அதுவே கேள்வி கேக்கும், அவங்க சொல்வாங்க.

அக்கா: அவங்க சொன்னதை நீ கேட்டியா?

தம்பி: பதினெட்டு பேரு பேச்சைக் கேக்க ஏதுக்கா நேரம்? அதுக்குத்தானே அதை வாங்கினோம்.

அக்கா: நெட்டையண்ணனைக் கூப்பிடு.

தம்பி: அவரை எதுக்கு... பாவம், வாசல் கேட்டுல உக்காந்திருக்காரு. படியேறி வர்றதுக்குள்ள மணி மூணாயிடும்.

அக்கா: ஏன், கால் அவ்வளவு மோசமா?

தம்பி: ...கூப்பிடறேன்.

நெட்டை: என்னக்கா, வரச் சொன்னீங்களாமே?

அக்கா: உக்காருங்கண்ணே.

நெட்டை: வேணாம்க்கா. உக்காந்தா எந்திரிக்கறதுதான் பாடு.

அக்கா: போன் உங்ககிட்ட கேள்வி கேட்டுச்சாமே. என்ன சொன்னீங்க?

நெட்டை: கேட்டதுக்கெல்லாம் சொன்னேன். தண்ணியை வடிக்கறது, சுவரைத் தேய்க்கறது, மருந்து கலக்கறது... நல்ல பொறுமை அதுக்கு. நம்ம தம்பி மாதிரி நடுவுல குறுக்க வரல.

தம்பி: அண்ணே, சுருக்கமா.

நெட்டை: பார்த்தீங்களாக்கா.

அக்கா: காலைப் பத்திக் கேட்டுச்சா?

நெட்டை: வேலையில எப்பவாவது அடி பட்டிருக்கான்னு கேட்டுச்சு.

தம்பி: பைக்ல விழுந்தேன்னு சொல்லியிருப்பீங்க. இல்லண்ணே?

நெட்டை: வேலையிலன்னுதானே கேட்டுச்சு. தொட்டியில விழுந்தேன்னு சொன்னேன்.

அக்கா: தொட்டியிலயா?

தம்பி: அக்கா...

அக்கா: நம்ம வேலையில, நம்ம ஆளு, எனக்குத் தெரியாம?

தம்பி: உனக்காகத்தான்க்கா மறைச்சேன். அன்னிக்கு மேலே நிக்க வேண்டியவன் நான். ஒரு போன் வந்துச்சுன்னு தெரு வரைக்கும் போயிட்டேன். உனக்குத் தெரிஞ்சா நீ "இல்லை"ன்னு கையெழுத்துப் போட மாட்டே. தெரியாம போட்டா அது பொய்யாகாதுன்னு நினைச்சேன்.

அக்கா: என்ன ஒரு நல்ல மனசு. ரெண்டு வருஷமா என்னைப் பொய்க் கையெழுத்துப் போட வெச்சிருக்கே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே உள்ளதை உள்ளபடி எழுதியிருப்பேன்.

தம்பி: தப்புதான்க்கா.

அக்கா: கூடப் பிறந்தவளையே ஏமாத்தணும்னு எங்கடா கத்துக்கிட்டே?

தம்பி: தப்புன்னுதான் சொல்லிட்டேனே. ரெண்டு அம்பத்தி நாலு. இப்போ என்ன போடட்டும்?

அக்கா: இந்த மனுஷனைப் பக்கத்துல நிக்க வெச்சுக்கிட்டு "யாரும் இல்லை"ன்னு எப்படிடா எழுதறது? அப்படியே இருக்கட்டும். இனிமே மேலே ரெண்டு பேர் நிக்காம யாரும் உள்ளே இறங்க மாட்டாங்கன்னு சேர்த்துக்கோ.

தம்பி: வேலை கைவிட்டுப் போனா?

அக்கா: போனா போகட்டும்னு சொல்ற துணிச்சல் எனக்கு இல்ல. ஆனா அனுப்பு.

தம்பி: ...போயிடுச்சு.

அக்கா: வந்து சேர்ந்ததுன்னு காட்டுதா?

தம்பி: காட்டுது. ரெண்டு அம்பத்தி எட்டு. ஒண்ணு மட்டும் எனக்குப் புரியலண்ணே. நான் அவ்வளவு தூரம் சொல்லி வெச்சும், நீங்க ஏன்...

அக்கா: விடுடா. முடிஞ்சது முடிஞ்சுபோச்சு. அண்ணன் கிளம்பட்டும், கேட்டுல ஆளில்ல.

நெட்டை: இருங்கக்கா, தம்பி ஆசையாக் கேக்குது, சொல்லிட்டுப் போறேன். அக்காகிட்ட மூச்சு விடாதீங்கன்னு நீங்க சொன்னீங்க தம்பி, விடல. தோட்டக்காரர் சொல்லி, மறுநாளே அக்கா ஆஸ்பத்திரிக்கு வந்து, தனக்கு விஷயம் தெரியும்னு தம்பிகிட்ட காட்டிக்காதீங்கன்னாங்க, காட்டிக்கல. போன்கிட்ட சொல்லாதேன்னு நீங்க ரெண்டு பேருமே சொல்லலையே.