புருசன் பெயரைச் சொல்லாதவள் காணாமற்போனது

கடல் எழும்பி வந்து ஐந்தாவது வருடம், சண்டை முடிந்ததென்று சந்தியில் வெடி கொளுத்திய வருடம் இது. என் பெயர் கந்தப்பர் வல்லிபுரம். வயது எழுபத்தேழு இருக்கும். ஐம்பத்தேழாம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் என் கலியாணப் பந்தல் மிதந்து போனது. பிறந்தது நாவலடி. இருப்பது வாவிக்கரை முதியோர் இல்லம். எழுத வாசிக்கத் தெரியாது. தங்கையைக் காணவில்லை என்று முறைப்பாடு சொல்ல வந்தேன், நான் சொல்லச் சொல்ல எழுதுங்கள் ஐயாமாரே.

என் கூடப்பிறந்த தங்கையும் அங்கேதான் இருந்தாள். நான் கண்ணில் படலம் வெட்ட ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, சுகாதார ஆராய்ச்சிக்கென்று சுலோஜனா என்ற பிள்ளை வந்து, தானாகச் சாப்பிடுவார்களா, ஞாபகம் இருக்கிறதா என்று எல்லோரிடமும் கேட்டுப் பதிந்திருக்கிறாள். தங்கையிடம் புருசன் பெயரைக் கேட்டிருக்கிறாள். தங்கை தலையைக் குனிந்திருக்கிறாள். ஞாபகம் இல்லை என்று பதிவாகிவிட்டது.

நான் திரும்பி வந்ததும் தங்கை சிரித்துக்கொண்டு சொன்னாள்: "தாலி கட்டினவர்ர பேர வாயால சொல்லட்டாம் அண்ண. என்ன புள்ளையோ."

அதன் பிறகு நான் சுலோஜனாவிடம் போய்த் திருத்தச் சொன்னேன். அவள் கம்பியூட்டரைப் பார்த்துவிட்டு, "பேரெல்லாம் எடுத்துப்போட்டு இலக்கந்தான் இருக்கு ஐயா. எது அவட எண்டு இப்ப எனக்கும் தெரியா" என்றாள். ஆனால் பெயர்களை நீக்குவதற்கு முன்பே இல்லத்துப் பொறுப்பாளர் அதைப் பார்த்து, ஞாபகம் தப்பியவர்களை வேறு மாவட்டத்து இல்லத்துக்கு அனுப்ப முடிவு செய்திருந்தார்.

அடுத்த திங்கட்கிழமை வேன் வந்தது. நான் கதவைப் பிடித்தேன். விரலைக் கழற்றிவிட்டார்கள்.

ஏறாவூரில் டயர் மாற்ற நிறுத்தியபோது தங்கை இறங்கியிருக்கிறாள். கடைக்கார ஹலீம் தண்ணீர் கொடுத்து, யாருடைய மனைவி என்று விசாரித்திருக்கிறார். தலையைக் குனிந்துகொண்டு வாவிப் பக்கம் நடந்துவிட்டாளாம். இன்றுவரை காணவில்லை. அவளுடைய அடையாள அட்டை கடலோடு போனது.

கடல் வந்த அன்றும் பிணங்களின் துணியைத் தூக்கித் தூக்கி, "இஞ்சாருங்க, இஞ்சாருங்க" என்றுதான் புருசனைத் தேடினாள். அவர் பெயர் வினாயகமூர்த்தி. பிறகு அகதி முகாமில் பதிந்தபோதும் அந்தப் பெயரை நான்தான் சொன்னேன். ஐயாமாரே, அவளைக் கண்டால் புருசன் பெயரைக் கேட்க வேண்டாம். அண்ணன் பெயரைக் கேளுங்கள். உடனே சொல்லுவாள்.

வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னதே எழுதியிருக்கிறது, பொய் இல்லை. பெருவிரல் வைக்கிறேன். அதற்கு முன் இதையும் எழுதுங்கள். அவளை இலக்கமாகப் போட வேண்டாம். என் பெண்சாதியும் தங்கையின் பிள்ளைகளும் கடலோடு போனார்கள், என் மகன் சண்டையோடு போனான். எனக்கென்று உயிரோடு இருப்பது ஒருத்திதான், கந்தப்பர் மகள் சீதேவிப்பிள்ளை.