பழைய வண்டிகளைச் சோதித்த வன்னியபெருமாள் அவர்களுக்கு

கரிசல் பூமியின் கண்ணியமே! கோவில்பட்டியில் எங்கள் தீப்பெட்டி ஆலையின் வாகனப் பிரிவை இருபத்தொன்பது ஆண்டுகள் கண்ணும் கருத்துமாய்க் காத்து, வந்த வண்டியையும் வந்த மனிதரையும் ஒருசேர வாஞ்சையோடு பார்த்த மேற்பார்வையாளர் திரு. வன்னியபெருமாள் அவர்களே! தாங்கள் பணி நிறைவு பெறும் இந்நாளில், பணிவோடும் பாசத்தோடும் நாங்கள் படைக்கும் மடல் இது.

பட்டங்களை அடுக்கிப் பாராட்டிவிட எங்களுக்கும் ஆசைதான். ஆனால், "நல்லத மட்டும் எழுதிக்கிட்டு வந்தீங்கன்னா நான் மேடையேற மாட்டேன்" என்று தாங்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டீர்கள். ஆகவே ஆறு ஆண்டுகளுக்கு முன் நடந்ததை, அவையோர் அறிய, உள்ளது உள்ளபடி சொல்கிறோம்.

ஆண்டுதோறும் புரட்டாசியில், அடைமழைக்கு முன், தொழிலாளர்களின் மோட்டார் சைக்கிள்களை வன்னியபெருமாள் சோதிப்பார். விளாத்திகுளம், நாகலாபுரம் பக்கமிருந்து வருகிறவர்களில் பாதிப்பேர் ஓட்டுவது கைமாறி வந்த வண்டிகள். வேலைநாளில் ஆளையும் விடுமுறையில் மிளகாய் மூட்டையையும் சுமப்பவை. புது வண்டி பத்து நிமிடத்தில் தேறிவிடும். பழைய வண்டியில் பிரேக்கோ டயரோ சங்கிலியோ ஏதாவது ஒன்று தேய்ந்திருக்கும். தேறிய வண்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டுவார். ஸ்டிக்கர் இல்லாத வண்டியில் வேலைக்கு வரக்கூடாது என்பது ஆலை விதி.

அந்த ஆண்டு நாகலாபுரத்துச் சோலைராஜ், மூன்று கை மாறிய வண்டி ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார். பக்கத்தில் அவர் மனைவி மாரிச்செல்வி; பெட்டி அடைக்கும் பிரிவில் அவரைப்போல் கை வேகம் உள்ளவர் எவருமில்லை. வன்னியபெருமாள் பின் பிரேக்கை மிதித்தார். அது தடையே இல்லாமல் அடிவரை போனது.

"அண்ணாச்சி, இத நிப்பாட்டிட்டீங்கன்னா எங்க ரெண்டு பேருக்கும் வேலை போச்சு. வேலை ஏழு மணிக்கு, மொத பஸ்ஸே இங்கன வந்து சேர எட்டரை ஆயிருது. பருத்தி எடுத்துக் காசு வந்ததும் பிரேக்க மாத்திருதேன்" என்று கெஞ்சினார் சோலைராஜ்.

வன்னியபெருமாளுக்கு மனம் இளகிவிட்டது. ஸ்டிக்கரை ஒட்டி, "மெதுவாப் போப்பா" என்று அனுப்பினார்.

நான்காம் நாள் மழை பெய்தது. புஞ்சைக் காட்டிலிருந்து ஏறிய டிராக்டர் ஒன்று தார்ச்சாலை நெடுகக் கரிசல் சேற்றை அப்பிவிட்டுப் போயிருந்தது. வளைவில் எதிரே ஆட்டு மந்தை. சோலைராஜ் மிதித்த பிரேக் பிடிக்கவில்லை. பதறி முன் பிரேக்கை இறுக்கவும் வண்டி வழுக்கி விழுந்தது. அவருக்குச் சிராய்ப்போடு போயிற்று. பின்னால் உட்கார்ந்திருந்த மாரிச்செல்வியின் வலது மணிக்கட்டு நொறுங்கிவிட்டது.

சோதனையில் தேறிய வண்டி என்பதால், ஓட்டியவர் மேல்தான் தப்பு என்று ஆலையில் முடிவு கட்டினார்கள். அண்ணாச்சியைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் சோலைராஜும் வாய் திறக்கவில்லை. வன்னியபெருமாள் சும்மா இருந்திருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் அவர் மூன்றாம் நாள் மேலாளர் மேசையில் ஒரு தாளை வைத்தார். "பிரேக் தேய்ந்திருந்ததைப் பார்த்தேன். தெரிந்தேதான் அனுப்பினேன்" என்று எழுதியிருந்தது. சோலைராஜ் மேலிருந்த பழி நீங்கியது. சோதனைப் பொறுப்பிலிருந்து வன்னியபெருமாளை ஓராண்டு விலக்கினார்கள்.

அன்று மாலையே அவர் நாகலாபுரம் போனார். "ஒங்க மேல எரக்கப்பட்டுத்தாம்மா விட்டுட்டேன்" என்றார்.

மாரிச்செல்வி கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தார். "அதுக்குப் பேரு எரக்கமா, அண்ணாச்சி? வண்டிய நிப்பாட்டிப்போட்டு, நாங்க வேலைக்கு வந்து சேர ஒரு வழி பண்ணியிருந்தீங்கன்னா, அதுல்லா எரக்கம்!"



பொறுப்புக்குத் திரும்பிய ஆண்டில் நிர்வாகத்தோடு மல்லுக்கட்டி ஓர் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். தேறாத வண்டி ஆலைக் கொட்டகையிலேயே நிற்கும். மெக்கானிக் மாரிச்சாமி அங்கேயே பழுது பார்ப்பார். அதுவரை வண்டிக்காரரை ஆலை வேன் ஊரிலிருந்து ஏற்றி வரும். அதன்பிறகு யார் கெஞ்சினாலும் ஒரே பேச்சுத்தான்: "வண்டி நிக்கட்டும். நீ வேன்ல வா."

இந்தப் புரட்டாசியில் வந்த இருநூற்றுப் பதினான்கு வண்டிகளில் எழுபத்தொன்று முதல் நாள் தேறவில்லை. அநேகமாக எல்லாமே கைமாறி வந்தவை. ஒரு வாரத்துக்குள் அறுபத்தெட்டு தேறின. மூன்று வண்டிகளை எதுவும் செய்ய முடியவில்லை; அவற்றின் சொந்தக்காரர்கள் இன்றும் வேனில்தான் வருகிறார்கள். ஒருவருக்கும் ஒருநாள் வேலைகூடப் போகவில்லை.

ஐயா! மாரிச்செல்வியின் கை பழைய வேகத்துக்குத் திரும்பவில்லை. இப்போது லேபிள் சரிபார்க்கும் பிரிவில் இருக்கிறார். தங்களை மன்னித்துவிட்டதாக அவர் சொன்னதில்லை. தாங்களும் கேட்டதில்லை. இம்மடலின் முதல் வரைவில் 'பிழையே அறியாப் பெருந்தகையே' என்று எழுதியிருந்தோம். வாசித்துப் பார்த்த மாரிச்செல்வி, பேனாவை வாங்கி அந்த வரியை அடித்துவிட்டார்.

"இப்படி எழுதாதீங்க. அவிய செஞ்சத அவியளே வந்து சொன்னாவ. அத எழுதுங்க" என்றார்.

எழுதிவிட்டோம். செய்ததை மறைக்காத செம்மலே! திருந்தக் கூசாத திண்மையே! உடல் நலமும் உள்ள நிறைவும் குறையாமல், உற்றார் சூழ, நூறாண்டு கடந்தும் தாங்கள் நலமாய் வாழ எங்கள் நெஞ்சார்ந்த வாழ்த்துகள்!

என்றும் தங்கள் அன்பில்,
மாரிச்செல்வி,
சோலைராஜ்,
மாரிச்சாமி,
மற்றும் வாகனப் பிரிவுத் தோழர்கள், ஆலைத் தொழிலாளர்கள்.
கோவில்பட்டி.