முதுகில் முட்டை

ரஷ்மி: மணி அஞ்சே முக்கால். பனிமஞ்சுல வரப்பே தெரியல, அத்தான்.

பத்மகுமார்: பைய வா. இந்த நண்டு பொதிஞ்ச துணியைக் கம்புல கெட்டு.

ரஷ்மி: சைவக்காரரு கையில அழுகின நண்டு. உங்க அம்மை கண்டா...

பத்மகுமார்: கண்டாத்தானே. நாவாய்ப்பூச்சி கதிரை விட்டுட்டு இந்த வீச்சத்துக்கு வந்து அப்பும். அள்ளிப் பிடிச்சிரலாம்.

ரஷ்மி: சவம், அந்தப் பூச்சியே நாறுது.

பத்மகுமார்: நெல்லு பால்பிடிச்சா ஊசிவாயால உறிஞ்சிரும். முட்டையை இலையில வரிசையா ஒட்டிட்டு, திரும்பிப் பாக்காது.

ரஷ்மி: திரும்பியே பாக்காதா?

பத்மகுமார்: மஸ்கட் நினைப்பா?

ரஷ்மி: அதான் வேலைக்கு வரலைன்னு எழுதியாச்சே. நாலு மாசப் பிள்ளையை விட்டுட்டு எந்த நர்சு போவா.

பத்மகுமார்: ம்...

ரஷ்மி: வாய்க்கால்ல அது என்ன? முதுகுல அரிசி அடுக்கினாப்புல...

பத்மகுமார்: அசையாத. தண்ணிப்பூச்சி. இதுக்கும் ஊசிவாய்தான். ஆனா கதிரைத் தொடாது, கொசுப்புழு திங்கும். முதுகுல இருக்கது முட்டை.

ரஷ்மி: பாவம், தாய்.

பத்மகுமார்: தாயில்ல. ஆணு.

ரஷ்மி: சும்மா போங்க.

பத்மகுமார்: நெசம். அவ இவன் முதுகுல ஒட்டிட்டு நீந்திப் போயிருவா. பொரியது வரைக்கும் இவன்தான் சுமக்கணும்.

ரஷ்மி: மேல வந்து, மேல வந்து தாழுகான்.

பத்மகுமார்: முட்டைக்குக் காத்து காட்டுகான்.

ரஷ்மி: மஞ்சு விலகி ஆகாசம் பூரா தண்ணிக்குள்ள கிடக்கு... இப்பம் மேகத்துல நீந்துகான், பாருங்க.

பத்மகுமார்: ம்...

ரஷ்மி: பறப்பானா?

பத்மகுமார்: சுமை இறங்கினா பறப்பான்.

ரஷ்மி: அவளை யாரும் ஏச மாட்டாவளா?

பத்மகுமார்: தண்ணிக்குள்ள யாரு ஏச?

ரஷ்மி: ...அத்தான்.

பத்மகுமார்: சொல்லு.

ரஷ்மி: வரலைன்னு எழுதல நான். வாறேன்னு எழுதிட்டேன். பதினெட்டாந்தேதி போணும்.

பத்மகுமார்: தெரியும். உன் போன்ல டிக்கெட்டு கண்டேன்.

ரஷ்மி: எப்பம்?

பத்மகுமார்: பத்து நாளாச்சு.

ரஷ்மி: ஒரு வார்த்தை கேக்கலியே...

பத்மகுமார்: நீ குளிக்கப் போற நேரம் பிள்ளைக்குப் புட்டிப்பாலு பழக்கிட்டிருந்தேன். முதல்ல துப்பினா. நேத்து மிச்சம் வைக்காமக் குடிச்சிட்டா... உங்கிட்ட சொல்லியிருக்கணுமோ?