தூக்காத கை

— சுருட்டி வைங்க மாஸ்டர். அந்த மூஞ்சியை என் மேஜை மேல விரிக்காதீங்க.

— சார், உங்க பொண்ணு சார் இது. காலேஜ் கேலரி நீளத்துக்கு இந்தப் படத்தைத்தான் தொங்கவிடப் போறோம். நாளைக்கு அவளுக்குப் பாராட்டு விழா, பெத்தவர் நீங்க இல்லாம எப்படி?

— பெத்தவன்தான். அதனாலதான் குமட்டுது.

— அப்படிச் சொல்லாதீங்க சார். எத்தனையோ பிள்ளைகளுக்கு ஹாக்கி மட்டையைப் பிடிக்கச் சொல்லிக் குடுத்திருக்கேன், இவளை மாதிரி ஒருத்தி வரல. பந்து அவ மட்டையில நாய்க்குட்டி மாதிரி ஒட்டிக்கிட்டு வரும். மூணு பேர் மறிச்சா மூணு பேரும் மூணு பக்கம் விழுவாங்க. எங்க மைதானத்துல இருந்து நேரா ப்ரொஃபஷனல் டீமுக்குப் போனவ அவ ஒருத்திதான்.

— போனா. போய் என்ன கிழிச்சா? நெஞ்சுல பெயின்ட் கம்பெனி பேரு, முதுகுல பனியன் கம்பெனி பேரு. சரி, வயித்துப்பாடு, போகட்டும். போன வாரம் ஃபைனல்ல பந்து அவ கால்ல பட்டுச்சா இல்லையா?

— அது... லேசா.

— லேசா! நான் எடை அளவு இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டயர் ஆனவன் மாஸ்டர். தராசுத் தட்டுக்கு அடியில மெழுகு ஒட்டி வச்சவன்கூட என்கிட்ட ‘லேசா’ன்னுதான் சொன்னான்.

— ஆட்டம்னா ஆட்டம் சார். கால்ல பட்ட பந்துல கோல் போட்டா செல்லாது, ஒத்துக்கறேன். ஆனா விசில் அம்பயர் வாயில இருக்கு, அவர் ஊதல. டிவி அம்பயர்கிட்ட முறையிடற வாய்ப்பை எதிரணி முன்னாடியே செலவழிச்சுட்டாங்க. கோல் கோல்தான். கோப்பை வந்துருச்சு.

— கூடவே நாத்தமும் வந்துச்சு. பந்து அவ கால் விரல்ல மோதறதை டிவிக்காரன் மெதுவா ஓட்டி ஓட்டிக் காட்டறான். ஒருத்தன் மைக்கை நீட்டி, “கால்ல பட்டுதா?”ன்னு கேட்டா, இவ பல்லைக் காட்டிக்கிட்டு, “அம்பயரைக் கேளுங்க”ங்கறா. முடி வெட்டப் போனேன். கடைக்காரன் துண்டைப் போத்தி, பாதி வெட்டினதுக்கப்புறம், “என்ன சார், பொண்ணுக்குக் கால் மரத்துப்போச்சா?”ங்கறான். கடையே சிரிக்குது. அப்படியே எந்திரிச்சு வந்துட்டேன்.

— அதானா சார்? வந்ததுல இருந்து பாக்கறேன், ஒரு பக்கம் மட்டும்... கேக்கலாமா வேண்டாமான்னு இருந்தேன்.

— மாஸ்டர் தம்பி, காபி ஆறுது, எடுத்துக்கோங்க. ஒரு வாரமா இவர் இப்படித்தான் பாதித் தலையோட திரியறார். தொப்பி வாங்கித் தரேன்னாலும் கோபம் வருது.

— நீ உள்ள போம்மா.

— ஏன், நானும்தானே பெத்தேன்? ஃபைனல் அன்னிக்கு இவர் போட்ட கூச்சல் இருக்கே தம்பி! டிவி முன்னாடி எந்திரிச்சு நின்னு, “கையைத் தூக்குடி, கால்ல பட்டுச்சுன்னு ஒத்துக்கடி”ன்னு. திருடன் புகுந்துட்டான்னு மாடிவீட்டுக்காரங்க கட்டையோட இறங்கி வந்துட்டாங்க.

— திருடிதான்னு நானே அவங்ககிட்ட சொன்னேன். மாஸ்டர், அந்தச் சுவத்தைப் பாருங்க. பேப்பர்ல இருந்து வெட்டிச் சட்டம் போட்ட அந்தப் படத்துல இருக்கறவளும் அவதான். உங்க காலேஜ் ஃபைனல். பந்து கால்ல பட்டுச்சு, அம்பயர் கவனிக்காம கோல் குடுத்துட்டார். நான் கேலரியில எந்திரிச்சு, “கால்ல பட்டுச்சு, கால்ல பட்டுச்சு!”ன்னு கத்தினேன். மைதானமே என்னைத் திரும்பிப் பார்த்துச்சு. உங்க காலேஜ் பசங்களே என்னை அடிக்க வந்தாங்க. அம்பயர் இவளைக் கேட்டார். வாயைத் திறக்கல. கையைத் தூக்கினா. கோல் போச்சு, கோப்பை போச்சு. மறுநாள் பேப்பர்ல என்ன போட்டான்? படிங்க.

— மனப்பாடம் சார். “கோப்பையை விட்டாள், மானத்தைக் காத்தாள்.”

— அது என் ரத்தம். டிவியில பார்த்தது எவ ரத்தம்னு தெரியல. இந்த வீட்டுப் படி ஏறாதேன்னு சொல்லிட்டேன்.

— அவ நேரா மைதானத்துக்குத்தான் வர்றா. “அப்பா வருவாரா மாஸ்டர்?”னு அது ஒண்ணைத்தான் கேட்டா.

— வர்றேன்.

— சார்!

— ரொம்பக் குளிர்ந்து போயிடாதீங்க. மைக் என் கைக்கு வரணும். சுவத்துல இருக்கற இந்தப் படத்தைக் கழட்டி எடுத்துட்டு வருவேன். அத்தனை பேர் முன்னாடி அவளை நிக்க வச்சு, “இதோ இவ என் மக, நீ யாரு?”ன்னு கேப்பேன்.

— ஐயோ, வேண்டாம் சார். திட்டணும்னா நல்லாத் திட்டுங்க. அந்த காலேஜ் ஃபைனலை மட்டும் மேடையில எடுக்காதீங்க.

— ஏன், உங்க காலேஜ் தோத்தது ஊருக்குத் தெரிஞ்சிடுமா?

— நாளைக்குச் சிறப்பு விருந்தினர் யாரு தெரியுமா சார்? அன்னிக்கு எதிரணியில டிஃபென்ஸ் ஆடின பொண்ணு. இப்ப விளையாட்டு அதிகாரி. நீங்க இதைச் சொன்னா அவங்களால வாயை மூடிக்கிட்டு உக்கார முடியாது.

— எதுக்கு மூடணும்?

— பந்து பட்டது அவங்க ஷூவுல சார்.

— என்ன?

— அவங்க ஷூவுல பட்டுத் தெறிச்சு உங்க பொண்ணு மட்டைக்கு வந்துச்சு. சுத்தமான கோல். ஆட்டம் முடிஞ்சதும் அழுதுக்கிட்டே வந்து என்கிட்ட சொன்னாங்க. அதுக்குள்ள கோப்பையைக் குடுத்து முடிச்சுட்டாங்க.

— புளுகு. தராசு முள்ளு மயிரிழை அசைஞ்சாலும் பிடிச்ச கண்ணு இது. நான் பார்த்தேன்.

— கண்ணாடியை வீட்டுலயே வச்சுட்டுத்தானே போனீங்க?

— நீ சும்மா இரு! உனக்கென்ன தெரியும்?

— தெரியும். அன்னிக்குச் சாயந்திரம் குழாயடியில காலைக் கழுவிக்கிட்டே பாப்பா சொன்னா. “என் கால்ல படவே இல்லம்மா”ன்னு.

— அப்ப அம்பயர் கேக்கறப்ப அதைச் சொல்ல வேண்டியதுதானே? வாயில கொழுக்கட்டையா?

— ஊரே உங்களைப் பார்த்து ஊளையிட்டுக்கிட்டு இருந்துச்சாம். படலன்னு அவ சொன்னா, அப்பாவைப் பொய்யர்னு துரத்திடுவாங்களேன்னு கையைத் தூக்கிட்டா.

— மானத்தைக் காத்தாள்னு போட்டிருக்கானே!

— ஆமா. உங்க மானத்தை.

— இத்தனை வருஷம் ஏன் சொல்லல?

— அந்தப் படத்துக்கு ஆணி அடிச்சுட்டு நீங்க நிமிர்ந்து நின்னதைப் பார்த்தப்புறம் அவளுக்கும் எனக்கும் எப்படிங்க வாய் வரும்?

— சார், தண்ணி குடிங்க.

— வேண்டாம். ச்சீ! அன்னிக்கும் பொய், இன்னிக்கும் பொய். படாத பந்துக்குக் கையைத் தூக்கினவ, பட்ட பந்துக்கு ஏன் தூக்கல?

— டிவி முன்னாடி நீங்க போட்ட கூச்சல் மைதானத்துல கேக்கலைங்க.