துடைக்கக் கூடாத தகடு

காய்ந்துபோன பபுள்கம்மை மரத்திலிருந்து எடுக்கக் கத்தி போடக் கூடாது ஐயா. ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றிச் செத்த நேரம் அதன்மேல் வைத்தால் போதும். கல்லாக இறுகும், ஒரு தட்டுத் தட்டினால் தானே விழும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அசிங்கத்தோடு பழகினவனுக்கு அசிங்கத்தின் குணம் தெரியும்.

என் பேர் முத்துப்பாண்டி. செட்டியார்பட்டிக்காரன், வயசு ஐம்பத்தெட்டு. மில்லில் பஞ்சுக் கழிவு அள்ளினது இருபத்திரண்டு வருசம். அதற்குப் பொறவு பழைய மரச்சாமான்களைச் சுரண்டிப் பெயிண்ட் அடிக்கிற வேலை. எழுத்துப் படித்ததே நாற்பதுக்கு மேல்தான். ஸ்டேஷன் ரைட்டர் ஐயா தானே எழுதிக்கொள்வதாகச் சொன்னார். வேண்டாம் என்று பேப்பரை நான் வாங்கிக்கொண்டேன். அடுத்தவர் எழுதினால், ஏதோ கோபத்தில் செய்துவிட்டேன் என்று எழுதுவார். எனக்குக் கோபம் கிடையாது. நீங்கள் பிடித்து உட்கார வைத்திருக்கிற மெக்கானிக் தனுஷ்கோடி அண்ணனுக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. அவர் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுத்தான் போனார். என்னிடம் சொன்னார்.

அந்த வீடியோ கேம் பெட்டி ஸ்ரீவில்லிபுத்தூரில் கிடந்தது. நைனா முகமது பாய் முன்னாளில் வீடியோ கேம் கடை வைத்திருந்தார். கடையை மூடி, பிளாஸ்டிக் குடம் அடுக்குகிற குடோனாக்கி இருபது வருசத்துக்கு மேல் ஆகிறது. மூலையில் ஆள் உயரத்துக்கு ஒரு பெட்டி மட்டும் நின்றது. முதலில் அது ஏதோ விமானச் சண்டை விளையாட்டாம். பொறவு விளையாட்டை ஓட்டுகிற சர்க்யூட் கார்டைப் பிடுங்கிவிட்டுக் குத்துச்சண்டைக் கார்டைப் போட்டு, பக்கத்துப் படங்கள் மேல் கருப்புப் பெயிண்டை அடித்து மாற்றியிருக்கிறார்கள். அதைத்தான் ராஜபாளையத்து எட்வின் தம்பி வாங்கினார். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு அதில் விளையாடினவராம். இப்போது வீட்டிலிருந்தே கம்பெனி வேலை பார்க்கிறார். தாத்தா கட்டின வீடு. தரை, கதவு, கரண்டுக்குப் போட்ட பீங்கான் பீஸ்கட்டை எதையும் மாற்றவில்லை. பழசு பழசாகவே இருக்க வேண்டும் என்பார்.

பின்கதவைக் கழற்றின அன்றைக்கு உள்ளே இருந்ததைச் சொல்கிறேன். கார்டோடு ஒட்டிக் காய்ந்த எலி ஒன்று. அதன் தோலும் கார்டும் ஒன்றாகியிருந்தது. கரப்பான் முட்டை கைப்பிடி கைப்பிடியாக வந்தது. அடிப்பலகை மூத்திரத்தில் ஊறிப் பொங்கியிருந்தது. எலி மூத்திரமா, பயலுவ மூத்திரமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. விசைக்குச்சியும் பொத்தானும் இருக்கிற தகட்டுக்கு அடியில் தடவினால் சவைத்துத் துப்பின கம் பல்வரிசை மாதிரி ஒட்டியிருந்தது. தகட்டுக்கு மேலே கை வைக்கிற இடத்தில் வியர்வையும் சளியும் பரோட்டா எண்ணெயும் சேர்ந்து ஒரு தோல். நகத்தால் கீறினால் சுருண்டு வந்தது.

எலியை நான் வெறுங்கையால் பிய்த்தேன். எட்வின் தம்பி போனில் படம் பிடித்தார்.

“சூப்பர்ணே. செத்த மெதுவா எடுங்க, நல்லா வருது.”

கருப்புப் பெயிண்டைச் சுரண்டி அடியில் இருந்த விமானப் படத்தை வெளியே கொண்டுவர எனக்குப் பதினோரு நாள் ஆனது. அந்த வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது, நீங்களே பார்த்திருப்பீர்கள். தகட்டைத் துடைக்கப் போனபோதுதான் அவர் ஓடிவந்து கையைப் பிடித்தார்.

“அண்ணே, இதை மட்டும் தொட்டிராதீங்க. இது நாங்க விளையாடின அழுக்கு. இது போச்சுன்னா பெட்டியே போச்சு.”

சொல்லிவிட்டுக் குனிந்து அதை மோந்து பார்த்தார் ஐயா. கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்த்தார். 

அந்த வீட்டில் எனக்கு என்ன நடைமுறை என்றும் எழுத வேண்டும். பின்வாசல் வழியாக வர வேண்டும். செருப்பைக் கழற்றி, குழாயில் சோப்புப் போட்டுக் காலைக் கழுவிவிட்டுத்தான் ஹாலில் ஏற வேண்டும். மூத்திரம் வந்தால் மெயின் ரோட்டுப் பெட்ரோல் பங்குக்குப் போய்வர வேண்டும். “தப்பா நினைக்காதீங்கண்ணே, வீட்ல பாத்ரூம் ஒண்ணுதான்” என்று அவர் வீட்டுக்காரி ஷெரின் சொன்னது. மூன்று இருந்ததை நான் பார்த்தேன். டீ ஒரு நசுங்கின சில்வர் டம்ளரில் வரும். அது மதில் மேலேயே இருக்கும், உள்ளே போகாது.

டீ கொண்டுவருகிறவள் மாரியாத்தாள். அந்த வீட்டில் பெருக்கித் துடைக்கிறவள், என்னைவிட நாலைந்து வயசு மூத்தவள். ஒருநாள் டம்ளரை நான் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கண்டுவிட்டாள்.

“என்னலே, டம்ளர்ல பேரு தேடுதியா? அது ஒனக்கு மட்டும்னு நினைச்சியாக்கும். இருவது வருசமா நானும் அதுலதான் குடிக்கேன்.”

“ஒனக்கு ஒண்ணும் தோணலியாக்கா?”

“தோணும். டீ இன்னும் கொஞ்சம் ஊத்துனா ஆவாதான்னு தோணும்.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பல் எல்லாம் வெற்றிலைக் கறை. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.  ஆனாலும் அவள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது, அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தனுஷ்கோடி அண்ணன் பழைய டிவி மெக்கானிக். டியூப் வைத்த பெட்டியைத் திறக்க இந்தப் பக்கம் அவர் ஒருத்தர்தான் மிச்சம். வெள்ளிக்கிழமை வந்து படத்தை வரவைத்துவிட்டார். எட்வின் தம்பி காதில் மாட்டிக்கொண்டு ஆபீஸோடு பேசிக்கொண்டிருந்ததால் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

“ஏலே முத்துப்பாண்டி, நல்லா கேட்டுக்க. உள்ள இருந்த டிரான்ஸ்பார்மரை எவனோ பாய் கடையிலயே செம்புக்காக உருவிட்டு, கரண்டை நேரா குடுத்திருக்கான். அது இல்லாம ஓட்டுனா கைத்தகடு பூரா கரண்டு நிக்கும். புதுசு மதுரையில சொல்லியிருக்கேன், புதன்கிழமை வருது. அதுவரைக்கும் பிளக்கு சொருகக் கூடாது. தம்பி பேசி முடிச்சதும் சொல்லிரு.”

“பாய் கடையில வருசக்கணக்கா ஓடுச்சே அண்ணாச்சி?”

“அங்கன முன்னால பலகை கெடந்துச்சு, பயலுவ அதுல செருப்போட நின்னானுவ. ஈரக் காலோட நின்னிருந்தா அன்னைக்கே சங்குதான்.”

அந்தப் பலகையும் பெட்டியோடு வண்டியில் வந்திருந்தது. தேக்கு. முதல் நாளே தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைத்து, ஹாலில் பெட்டிக்கு முன்னால் போட்டிருந்தேன். எட்வின் தம்பி பேசி முடித்து வந்தார். சொல்லத்தான் வாயைத் திறந்தேன், சத்தியமாக. அதற்குள் அவர் பலகையைக் காலால் தள்ளினார்.

“இது எதுக்குண்ணே? ஹால்ல அசிங்கமா இருக்கு.”

அந்தச் சாமான்களிலேயே சுத்தமானது அந்தப் பலகைதான். சளியை மோந்து பார்த்தவர் அதை அசிங்கம் என்றார்.

“குட்டைப் பயலுவ ஏறி நிக்கதுக்குத் தம்பி,” என்றேன். “தேவையில்ல.”

“மெக்கானிக் என்ன சொன்னாரு? ஞாயித்துக்கிழமை கோயில் முடிஞ்சு பிரண்ட்ஸ் வர்றாங்க. ஓட்டலாம்ல?”

“தாராளமா ஓட்டலாம்னாரு.”

இவ்வளவுதான் நான் பேசினது. பலகையைத் தூக்கிக்கொண்டு போய் மதிலோரம் சாத்தினேன்.

வேலை முடிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நான் போக வேண்டிய அவசியம் இல்லை. போனேன். ஓரத்தில் ஒரு பூச்சு பாக்கி என்று சொல்லி, காலைக் கழுவிவிட்டு ஹாலில் ஏறினேன். எட்வின் தம்பியும் அவர் வீட்டுக்காரியும் கோயிலிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார்கள். தம்பி பிளக்கைச் சொருகினார், படம் வந்தது, தகட்டில் கை வைத்துக் கால் மணி நேரம் விளையாடினார். ஒன்றும் ஆகவில்லை. குனிந்து பார்த்தேன். காலில் ரப்பர் செருப்பு. எங்களை வெறுங்காலோடு ஏற்றுகிறவர்கள், தங்களுக்கென்று வீட்டுக்குள் தனியாகச் செருப்பு வைத்திருக்கிறார்கள். பதினைந்து நாள் அந்தத் தரையையே பார்த்து வேலை செய்தும் எனக்கு அது உறைக்கவில்லை.

சரி, விட்டது என்றுதான் நினைத்தேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போய்விடலாம் என்றுகூட எழுந்தேன். பிரண்ட்ஸ் வழி கேட்டுப் போன் பண்ண, தம்பி பேசிக்கொண்டே வாசலுக்குப் போனார். ஷெரின் அடுப்படியில். மாரியாத்தாள் வாளியோடு வந்து தரையைத் துடைத்தாள். பெட்டிக்கு முன்னால் வந்ததும் நிமிர்ந்து தகட்டைப் பார்த்தாள்.

“ஏலே, எல்லாத்தையும் சுரண்டுனே, இதை விட்டுட்டியே. வாரவிய என்ன நினைப்பாவ?”

ஈரத்துணியைப் பிழிந்தாள். வெறுங்கால், ஈரத்தரை. சுவிட்சு என் தோளுக்கு நேரே சுவரில் இருந்தது. தொடாத என்று சொல்ல எம்புட்டு நேரம் ஆகும் என்று நீங்கள் கேட்டீர்கள். ஆகாது ஐயா. ஆனால் தனுஷ்கோடி அண்ணன் சொன்னது நிசந்தானா என்று எனக்கும் தெரிய வேண்டியிருந்தது. தம்பி விசயத்தில் பொய்யாகப் போய்விட்டதே. அதுவும் போக, பதினைந்து நாளாக நான் துடைக்க நினைத்த இடம் அது. ஒருத்தியாவது துடைக்கட்டும் என்று இருந்தது.

துணி பட்டதும் அவள் கை மூடிக்கொண்டது, விடவில்லை. சத்தம் போடவில்லை. ரெண்டு கண்ணும் என்னைத்தான் பார்த்தது. தம்பி உள்ளே வருகிற சத்தம் கேட்ட பொறவுதான் சுவிட்சைத் தட்டினேன். அதற்குள் முடிந்திருந்தது.

அவள் மகள் மாரீஸ்வரி நேற்று ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்து, அம்மா யாருமில்லாமல் தவிச்சுச் செத்தாளே என்று அழுதுகொண்டிருந்தாள். அந்தப் பிள்ளையிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள். அவள் அம்மா தனியாகச் சாகவில்லை. நான் பக்கத்திலேயேதான் நின்றேன், கடைசி வரைக்கும் கண்ணை எடுக்கவில்லை.