எதிர்ச் சுவத்துக் கண்ணாடி

வேதக்கோயில் எடது பக்கம் இருக்கணும். நான் வலது பக்கம் வரஞ்சுட்டேன். அதான் நடந்த தப்பு. கோயில் மட்டும்னு இல்ல, ஊரையே அப்படித்தான் வரஞ்சு வெச்சேன்.

அந்த ஸ்க்ரூ கழட்டற மிஷினக் கீழ வை தம்பி. மொதல்ல கேளு, அப்புறம் அந்தக் கண்ணாடியக் கழட்டறியான்னு பாப்போம்.

ஆமா, படம் என்னோடதுதான். மூலையில ஈவர்னு கிறுக்கியிருக்குல்ல, அது நான். படத்துக்கு நேரெதிர்ல எவனாவது கண்ணாடி மாட்டுவானான்னு சிரிச்ச பாரு, அதுக்குத்தான் சொல்றேன். உக்காரு. வேண்டாமா? சரி, நில்லு.

ஏழு வருசம் ஆச்சு. இந்த மண்டபத்துக்கு ஒரு படம் வேணும்னு, இதப் பாத்துக்கற கெர்ட் கடுதாசி போட்டா. இப்ப உன் கையில பட்டியலக் குடுத்து அனுப்பியிருக்காளே, அவளேதான். நான் அப்ப பெர்கன் பட்டணத்துல இருந்தேன். பொண்டாட்டி போய்ச் சேந்து நாலு வருசம். தனி ஆளு. ஏழு வயசுல இந்த ஊர விட்டுப் போனவன், அப்புறம் கால் வெச்சதில்ல. வேணும்னா போட்டோ அனுப்பறேன்னு எழுதியிருந்தா. என் ஊரு எனக்குத் தெரியாதான்னு பதில் போட்டேன். திமிரு.

எட்டு மாசம் வரஞ்சேன். கடல், படகுக் கொட்டகை, மீன் காயப்போடற பரண், கோயில், பின்னால அந்த ரெட்டை மலை. கண்ண மூடினா வரும். எழுவது வருசமா வந்துக்கிட்டேதான் இருந்துச்சு.

இங்கதான் தெறந்து வெச்சாங்க. ஊரே வந்துச்சு. காப்பி, வாஃபிள் எல்லாம் உண்டு. கெர்ட் துணிய இழுத்தா. ஒருத்தரும் கை தட்டல. ஒரு குழந்தைதான் மொதல்ல கேட்டுச்சு, கோயில் ஏன் அந்தப் பக்கம் போச்சுன்னு. அப்புறம் ஆரம்பிச்சான் பெடர். மீன் பிடிக்கறவன், வாய் அதிகம். இந்தப் படத்தப் பாத்துப் படகு ஓட்டினா நேரா பாறை மேலதான் ஏறணும்னான். பாதிரியாரு இனிமே துடுப்புப் போட்டுத்தான் பிரசங்கத்துக்கு வரணும்னான். எல்லாரும் சிரிச்சாங்க. அசிங்கமாச் சிரிக்கல. அதுதான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு.

நான் விடல. என் கட்டிலுக்குக் கால்மாட்டுல சன்னல் இருந்துச்சு, ரெண்டு வருசம் அது வழியாத்தான் பாத்தேன்னு சொன்னேன். பெடர் சிரிப்ப நிறுத்திட்டான். அந்த வீட்டுல இப்ப அவன் மகன்தான் இருக்கான். கால்மாட்டுச் சுவத்துக்குப் பின்னால மலைப்பாறை ஒட்டிக்கிட்டு நிக்குது, கை நொழைக்கக்கூட எடமில்ல, அங்க ஏது சன்னல்னு மெதுவாக் கேட்டான். பைத்தியக்காரங்கிட்ட பேசற மாதிரி.

அப்ப எனக்கு என்ன வயசுன்னா கேட்ட? அஞ்சு. இடுப்பெலும்புல காசநோய். நெஞ்சுலேர்ந்து முழங்கால் வரைக்கும் மாவுக்கட்டு. புரண்டு பின்னால பாக்க முடியாது. நெசமான சன்னல் என் தலமாட்டுப் பக்கம் இருந்துச்சு, வெளிச்சம் மட்டும் வரும். ஆஸ்பத்திரியில எடம் கெடைக்கற வரைக்கும் ரெண்டு வருசம் அப்படியே கெடந்தேன். அப்புறம் பெர்கன் ஆஸ்பத்திரிக்குக் கப்பல்ல தூக்கிட்டுப் போனாங்க. மல்லாக்கப் படுத்தபடியே போனேன், வானத்தத் தவிர ஒண்ணும் தெரியல.

அப்பா கடலுக்குப் போயிருவாரு. அம்மா மட்டும்தான் ரூமுக்குள்ள வரும். அக்கா ஒருத்தி உண்டு, என்னவிடப் பத்து வயசு மூத்தவ. வரவே மாட்டா. கதவுவரைக்கும் வந்து, குனிஞ்சு, தட்டத் தரையில வெச்சுட்டுப் போயிருவா. அவ மூஞ்சிய நான் சரியாப் பாத்ததில்ல. குனியறப்ப உச்சந்தலைதான் தெரியும். வகிடு கோணலா இருக்கும், மாடு நடந்த தடம் மாதிரி. கோணவகிடு, கோணவகிடுன்னு கத்துவேன். வேற என்ன செய்ய? கிட்ட வராதவள வேற எப்படித் தொடறது?

திரும்பிக்கூடப் பேச மாட்டா. என்னக் கப்பல்ல ஏத்துறப்பவும் துறைக்கு வரல. அம்மா போய்ச் சேந்த பெறகு மாமா என்ன பெர்கன்லயே வெச்சுக்கிட்டாரு. அவ வருசா வருசம் கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை போடுவா. நான் ஒண்ணுக்கும் பதில் போட்டதில்ல. எழுவது வருசம் தம்பி. ஒரு மனுசன் எவ்வளவு முட்டாளா இருக்கலாம்னு நீ யோசிச்சதுண்டா?

வந்தா. படம் தெறந்த அன்னிக்குப் பின் வரிசையில ஒரு கெழவி, வயசானவங்க தள்ளிக்கிட்டு நடக்கற வண்டியப் புடிச்சுக்கிட்டு நின்னா. எனக்கு அடையாளம் தெரியல. எல்லாரும் பேசி முடிக்கற வரைக்கும் படத்தையே பாத்துட்டுக் கெளம்பிட்டா.

மறுநாள் படத்தக் கழட்ட வந்தேன். எடுத்துட்டுப் போய் எரிக்கறதா இருந்தேன். அந்தக் கெழவி இங்க உக்காந்திருக்கா, இந்த நாற்காலியிலதான். மடியில கம்பளிச் சட்டையில சுத்தி ஏதோ இருக்கு. முதியோர் இல்லத்துப் பொண்ணு ஒருத்தி கூட வந்திருந்தா, அவகிட்ட எதிர்ச் சுவத்தக் காட்டி ஆணி அடிக்கச் சொன்னா. அடிச்சுது. குனிஞ்சு கம்பளியப் பிரிச்சா, அதே கோணவகிடு. இந்தக் கண்ணாடி.

என்னப் புடிச்சுப் படத்துக்கு முதுகு காட்டி நிக்க வெச்சா. கண்ணாடியில பாத்தேன். கோயில் எடது பக்கம். படகுக் கொட்டகை வலது பக்கம். எல்லாம் அதது எடத்துல.

அந்தச் சுவத்துல உனக்கு சன்னலே கெடையாதுடா, இதுதான் மாட்டியிருந்துச்சுன்னா. அவ்வளவுதான் சொன்னா.

காய்ச்சல்ல நான் நெனவில்லாமக் கெடந்தப்ப அம்மாகிட்டக் குடுத்து மாட்டச் சொல்லியிருக்கா. ஒசரத்துல, சாய்ச்சு. தலமாட்டுச் சன்னலு அதுல தெரிஞ்சிருக்கு. கண்ணு முழிச்சா எதிர்ல ஒரு கடல். அஞ்சு வயசுப் பயலுக்கு அது சன்னல்தான். யாரும் வேற மாதிரி சொல்லல. ஒட்டிக்கிற நோயி, உள்ள காலெடுத்து வெச்சா தோல உரிச்சிருவேன்னு அம்மா அவளுக்குச் சொல்லியிருந்திருக்கு. கப்பலேத்தற அன்னிக்கும் ரூமுல போட்டுப் பூட்டித்தான் வெச்சிருக்கு. அதெல்லாம் அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாச் சொன்னா.

அன்னிலேர்ந்து நான் இங்கதான். ஞாயித்துக்கெழமை காப்பி குடிப்போம். ரெண்டு பேரும் அதிகம் பேசற ஆளில்ல. மன்னிச்சுக்கன்னு ஒரு நாள் சொல்லணும்னு இருந்தேன். அடுத்த வாரம், அடுத்த வாரம்னு ஆறு வருசம் போச்சு.

பிப்ரவரியில போயிட்டா. சவப்பெட்டியில பாத்தேன். யாரோ நல்லா நேரா வகிடெடுத்துச் சீவி விட்டிருந்தாங்க. எனக்கு யாரோ மாதிரி இருந்துச்சு. இப்படி இல்ல, கோணலா எடுன்னு அந்த இல்லத்துப் பொண்ணுகிட்ட சொன்னேன். அது சிரிச்சுது. ஆமா தாத்தா, அவங்க எப்பவும் கையாலயே தடவித்தான் எடுப்பாங்க, கண்ணாடியப் பக்கத்துல கொண்டாந்தாலும் பாக்க மாட்டாங்க, சின்ன வயசுல ரெண்டு வருசம் கண்ணாடி இல்லாமச் சீவிப் பழகிருச்சாம்னு சொல்லுச்சு.

அப்ப வீட்டுல இருந்ததே இந்த ஒரே கண்ணாடி. அவளுக்குப் பதினஞ்சு வயசு.

சீப்ப வாங்கி நானே எடுத்து விட்டேன். கோணலா. சின்னப் புள்ளையில பாத்த மாதிரியே.

அந்தப் பட்டியலக் குடு. என்ன எழுதியிருக்கா கெர்ட்? பழைய கண்ணாடி, ஒண்ணு, குப்பை. ம். பேனா இருக்கா? அத அடி. கழட்டக் கூடாதுன்னு எழுது. பக்கத்துல அக்கா பேரு எழுது, யாரோடதுன்னு பின்னால எவனும் கேக்கக் கூடாது.

யோருன்.