தாமதமாய்ப் பேசும் காதலுக்கு ஒரு வாழ்த்து

இந்த அவைக்கு அணியாய் அமர்ந்திருக்கும் தலைவர், பெருமதிப்பிற்குரிய உமெசாவா அவர்களே! பேரிக்காய்க்குக் காகிதப் பை கட்டும் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற ஐயத்தோடே ஓடி வந்திருக்கும் அன்புத் தாய்மார்களே! சீருடை கசங்கச் சிரித்துக்கொண்டிருக்கும் மாணவச் செல்வங்களே! "அனிமே கார்ட்டூனா, அது சின்னப் பிள்ளைகள் பார்ப்பது" என்று வீட்டில் சொல்லிவிட்டு, தொப்பியை மூக்குவரை இறக்கிக்கொண்டு கடைசி வரிசையில் ஒளிந்திருக்கும் கணவன்மார்களே! உங்கள் அனைவருக்கும் என் தலை தாழ்ந்த வணக்கம்.

நான் இவகாமி மச்சிகோ. நம் ஊர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் இருபத்தாறு ஆண்டுகளாகப் பயிற்சி தருகிறேன். இந்த அரங்கில் பாதிப் பேரை நான் திட்டியிருக்கிறேன். மீதிப் பேரை இனிமேல் திட்டுவேன்.

என்ன அங்கே சிரிப்பு? ஓ, நீங்களா! இன்னும் பின்பக்கக் கண்ணாடியைப் பார்க்காமல்தான் வண்டியை எடுக்கிறீர்கள். நேற்றும் பார்த்தேன்.

நம் காதல் அனிமே நேயர் வட்டத்தின் ஆண்டு விழாவில் என் கருத்தைச் சொல்லச் சொன்னார்கள். கருத்துக்கா பஞ்சம்? காதல் தொடர்களைப் பற்றி எனக்கு இருக்கும் கருத்துகளைச் சாலையில் நிறுத்தினால், கடற்கரை வரை வரிசை நிற்கும்! சிறுவயதுத் தோழி ஏன் ஒரு தொடரிலும் நாயகன் மனதை வெல்வதில்லை? அந்தச் சட்டத்தை எழுதியவர் யார்? காதலைச் சொல்ல வாயைத் திறக்கும்போதெல்லாம் ஏன் ஒரு ரயில் கூவிக்கொண்டு குறுக்கே போகிறது? நம் ஊருக்கு ஒரு மணி நேரத்துக்கு ஒரு ரயில்தானே வருகிறது? அவர்கள் ஊருக்கு மட்டும் அத்தனை ரயிலை விட்டது யார்?

கேலி இருக்கட்டும். குறை சொல்லவா வந்தேன்? கும்பிட வந்தேன்! ஒரு கை இன்னொரு கையைத் தொடுமுன் நடுங்கும் நடுக்கத்தை வரைந்த கோட்டிலே கொண்டுவந்தார்களே, அவர்களைக் கும்பிட வந்தேன். பேசாத இரண்டு பேருக்கு நடுவே சிள்வண்டின் சத்தத்தை வைத்தார்களே, அந்தச் சத்தத்திலே சொல்லாத சொல்லை வைத்தார்களே, அவர்களைக் கும்பிட வந்தேன். ஒரே ஒரு மூச்சில், ஒரே ஒரு "ம்" என்ற முனகலில் உள்ளத்தைத் திறந்து காட்டும் குரல் கலைஞர்களைக் கும்பிட வந்தேன்.

ஆனால் நான் ஆதியிலிருந்தே இப்படிக் கும்பிட்டவள் இல்லை. அந்தக் கதையைச் சொல்லத்தான் இந்த மேடை ஏறினேன்.

எனக்குப் பிடித்ததெல்லாம் வேகம். முதல் பாகத்திலேயே நாயகன் மலை உச்சியில் நின்று, காற்றில் முடி பறக்க, "உனக்காக உயிரையும் தருவேன்!" என்று முழங்க வேண்டும். அவன்தான் ஆண்மகன், அதுதான் காதல் என்று இருந்தவள் நான்.

என் மகள் சயோரிக்கு அப்படி ஒருவர் நிஜத்திலேயே வந்தார். தோழியின் திருமணத்தில் பார்த்தார். மூன்றாவது வாரம், உணவு விடுதி நிறைய ஆட்கள் இருக்க, கை நிறையச் சிவப்பு ரோஜாவோடு மண்டியிட்டுக் கேட்டார். கூடம் முழுக்கக் கைதட்டல். முதலில் தட்டிய கை எது தெரியுமா? இதோ, இந்தக் கை! மகள் பதில் சொல்லுமுன் ஒரு கணம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தட்டிக்கொண்டிருந்தேன். அவள் "சரி" என்றாள்.

இரண்டு ஆண்டில் ஒரு பெட்டியோடு திரும்பி வந்தாள். அவர் கெட்டவர் இல்லை. வேகமாகப் பற்றியது வேகமாக அணைந்தது, அவ்வளவுதான். அவள் அழவில்லை. பேசவும் இல்லை. சாப்பிட்டாள், பல் மருத்துவமனை வேலைக்குப் போனாள், வந்தாள். கணவரை இழந்த நானும் கணவரைப் பிரிந்த அவளும் ஒரே வீட்டில், உப்பு எங்கே, குடை எங்கே என்பதைத் தவிர வேறு பேச்சின்றி ஓராண்டு ஓட்டினோம்.

அப்போதுதான் ஞாயிறு மாலைகளில் "வியாழக்கிழமைச் சலவை" என்ற தொடர் தொடங்கியது. பார்த்தவர்கள் கை தூக்குங்கள். ஆகா, இத்தனை கைகளா! பார்க்காதவர்களுக்காக இரண்டே வரி. கென்சாகு என்ற சலவைக்கடைக்காரன். தொமோயே என்ற சுற்றுலாப் பேருந்து வழிகாட்டி. வியாழன்தோறும் அவள் சீருடையைக் கொண்டுவருவாள், அவன் வாங்கி வைப்பான். முடிந்தது கதை!

பாகம் ஒன்று, வாங்கி வைத்தான். பாகம் இரண்டு, வாங்கி வைத்தான். பாகம் மூன்றில் ஒரு பொத்தான் தைத்துக் கொடுத்தான். எனக்கு ரத்தம் கொதித்தது. "சொல்லித் தொலைடா!" என்று தொலைக்காட்சியைப் பார்த்துக் கத்துவேன். மகள் சிரிப்பாள். ஓராண்டுக்குப் பிறகு அவள் சிரிப்பைக் கேட்டேன். அதற்காகவே கத்தினேன் என்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் பாகம் வந்தது. தொமோயேயின் தந்தை இறந்துவிடுகிறார். அந்த வியாழக்கிழமை சீருடைக்குப் பதிலாகக் கறுப்புத் துக்க உடையைக் கொண்டுவருகிறாள். கடையில் வேறு யாரும் இல்லை. வெளியே மழை. சொல்லிவிடுவான், இதோ சொல்லிவிடுவான் என்று நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன். அவன் என்ன சொன்னான்? "நாளைக்கு வெயில் அடிக்குமாம்" என்றான்!

கையிலிருந்த அரிசி வறுவலைத் திரைமேல் எறிந்தேன். "கோழை! இவனுக்கெல்லாம் எதுக்குடி காதல்?"

சயோரி சிரிக்கவில்லை. "அவன் பயப்படலைம்மா" என்றாள்.

"பின்ன வேற என்னவாம்?"

"அவ இப்ப அழுதுட்டு இருக்கா. இப்பக் கேட்டா, யார் தோள் கிடைச்சாலும் சாஞ்சுடுவா. அப்படிச் சாயிறதை அவன் 'சரி'ன்னு எடுத்துக்க விரும்பல. அவளால 'வேணாம்'னு சொல்ல முடியாத நேரத்துல கேக்கக் கூடாதுன்னு நிக்கிறான்."

அவள் தேநீரைக் கீழே வைத்தாள். "அம்மா, ஒண்ணு சொல்லணும். உங்க பள்ளியில வண்டி கத்துக்கிற ஒகினோவை எனக்குப் பிடிச்சிருக்கு."

தோழர்களே, அந்த நேரத்தில் நல்ல தாய் என்ன செய்திருப்பாள்? மகளின் கையைப் பிடித்திருப்பாள். நான் என்ன செய்தேன்? விழுந்து விழுந்து சிரித்தேன்!

"எந்த ஒகினோ? ஆளே இல்லாத முச்சந்தியில நின்னு இந்தப் பக்கம் பார்த்து, அந்தப் பக்கம் பார்த்து, விடியிற வரைக்கும் நிக்கிறாரே, அவரா? மூணு தடவை தேர்வுல தோத்தவர்டீ! ஸ்டியரிங்கைத் திருப்பத் தெரியாத ஆளு குடும்பத்தை ஓட்டிடுவாரா?"

மறுவாரம் அஞ்சலகத்துக்குப் பின்னால் ஓர் அறை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அடுத்த ஞாயிறு நான் தனியாகப் பார்த்தேன். கத்துவதற்குத் தொண்டை இருந்தது. சிரிப்பதற்கு ஆள் இல்லை.

ஒகினோ ரியோஹெய்யை உங்களில் பலருக்குத் தெரியும். நகராட்சியில் குடிநீர்க் குழாய்க் கசிவு தேடுகிறவர். இரும்புக் கம்பியைத் தரையில் ஊன்றி, காதை வைத்துக் கேட்டுக்கொண்டே தெருத் தெருவாய் நடப்பாரே, அவரேதான். நான்காம் முறை பள்ளித் திடல் தேர்வில் தேறி என்னிடம் சாலைப் பயிற்சிக்கு வந்தார். நான் யார் என்று அவருக்குத் தெரியும். அவர் யார் என்று எனக்கும் தெரியும். காருக்குள் இரண்டு பேரும் "இடது விளக்கு", "சரி டீச்சர்" என்பதற்கு மேல் பேசவில்லை.

பேரித்தோட்டத்துச் சுவர் ஓரம் ஒரு முச்சந்தி உண்டு. அங்கே வண்டியை நிறுத்தினார். பார்த்தார். மறுபடி பார்த்தார். மூன்றாம் முறையும் கழுத்தை நீட்டினார். என் பொறுமை போயிற்று. "யாரும் இல்ல, போங்க!" என்றேன்.

"டீச்சர், சுவர் மறைக்குது..."

"நான் சொல்றேன்ல, போங்க!"

போனார். ஆசிரியை சொன்னால் மாணவர் என்ன செய்வார்? சுவருக்குப் பின்னாலிருந்து ஒரு சைக்கிள் வந்தது. கூடை நிறைய வெங்காயத்தாளோடு ஓர் அம்மாள். என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. மிதித்தேன். வண்டி அவர் சக்கரத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. வெங்காயத்தாள் சாலையெங்கும் சிதறியது.

நான் உறைந்துபோய் உட்கார்ந்திருந்தேன். ஒகினோ இறங்கிப் போனார். இடுப்பை வளைத்துத் தலை தாழ்த்தினார். "என் தப்புங்க, மன்னிச்சுக்கோங்க" என்றார். ஒவ்வொரு தாளாய்ப் பொறுக்கிக் கூடையில் வைத்தார். திரும்பி வந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். "நான் அப்பவே சொன்னேனே" என்று ஒரு வார்த்தை? இல்லை! ஒரு பார்வை? அதுவும் இல்லை!

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். அன்று பதறியவள் நான். சிதறியதைப் பொறுக்கியவர் அவர்.

வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னேன். "ஒகினோ, என் பொண்ணுகிட்ட ஏன் இன்னும் கேக்கல?"

"கேட்டுட்டேன் டீச்சர்."

"கேட்டாச்சா! அவ என்ன சொன்னா?"

"இன்னும் சொல்லல. நான்தான் அப்படிக் கேட்டேன். 'பதில் இப்ப வேணாம், எப்பத் தோணுதோ அப்பச் சொல்லுங்க, வேணாம்னாலும் நான் இதே ஒகினோதான்'னு." கைகள் ஸ்டியரிங்கை விடவில்லை. "போன தடவை யோசிக்கவே நேரம் கிடைக்கலைன்னு ஒரு நாள் சொன்னாங்க. எல்லாரும் கைதட்டிட்டாங்களாம்."

அவையோரே! இருபத்தாறு ஆண்டுகள் அந்த இருக்கையில் அமர்ந்து ஆயிரம் பேருக்கு "நில்! பார்! பிறகு போ!" என்று பாடம் சொன்னவள் நான். என் மகள் வாழ்வின் முச்சந்தியில் நின்று ஒரு கணம் திரும்பிப் பார்த்தபோது, "யாரும் இல்லை, போ" என்று தள்ளிவிட்டவளும் நான்தானே? என் மகளைக் காயப்படுத்தியது அந்த ரோஜாப்பூவா? இந்தக் கைதட்டல் அல்லவா!

கடைசிப் பாகம் வரும் ஞாயிறு, ஒரு பை பேரிக்காயோடு மகளின் கதவைத் தட்டினேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த மன்னிப்பு, கதவு திறந்ததும் காணாமல் போயிற்று. "இன்னைக்குக் கடைசிப் பாகம்" என்றேன்.

"தெரியும்."

"என் டிவியில சத்தம் சரியா வரல."

"பொய் சொல்லாதீங்கம்மா. உள்ள வாங்க."

உள்ளே ஒகினோ இருந்தார். என்னைக் கண்டதும் தேர்வு அதிகாரியைக் கண்டதுபோல் எழுந்து நின்றார். மூன்று பேரும் அந்தச் சின்னத் திரை முன்னால் உட்கார்ந்தோம்.

பதினோரு பாகம் காதலைச் சொல்ல வாய் திறக்காத கென்சாகு அன்று திறந்தான். மலை உச்சி இல்லை. பறக்கும் முடி இல்லை. மடித்த சீருடையை மேசைமேல் வைத்தான். அவள் வாங்கிக்கொண்டு கதவு வரை போனாள். அவன் சொன்னான்: "வியாழக்கிழமை இல்லாத நாளிலும் வாருங்கள்."

அவ்வளவுதான்! அந்த ஒற்றை வரி விழுந்ததும், தொமோயே திரும்பி நின்று மூச்சு விட மறந்தாளே, நானும் மறந்தேன். ஒகினோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் பேரிக்காய்த் தோலைக் கையில் பிடித்தபடியே அழுதேன்.

அந்த அழுகைக்குள்தான் சொல்ல முடிந்தது. "சயோரி, அன்னைக்கு நீ பதில் சொல்றதுக்கு முன்னாடியே நான் கை தட்டிட்டேன்."

தொடரின் முடிவுப் பாட்டு ஓடி முடிந்தது. "ஆமா, தட்டினீங்க" என்றாள். "எனக்கு அது ரொம்ப நாள் கோபம்மா. இப்பவும் கொஞ்சம் இருக்கு."

"இருக்கட்டும். வச்சுக்கோ."

"இந்தத் தடவை என்ன பண்ணுவீங்க?"

"கையைக் கட்டிக்குவேன். வாயையும் சேர்த்து."

"வாயா? உங்களாலயா?" என்று அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை எந்தக் குரல் கலைஞரும் இன்னும் சிரிக்கவில்லை.

பிறகு என்ன ஆயிற்று என்றுதானே கேட்கிறீர்கள்? இருங்கள், இத்தனை நேரம் எதைப் பற்றிப் பேசினேன்? பொறுமை! கோடை போயிற்று, இலையுதிர் காலம் போயிற்று. நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் வாழ்நாள் சாதனை அது! பனி விழுந்த ஒரு காலை, தெருவில் காதை வைத்துக் குழாய்ச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்த ஒகினோவிடம் என் மகளே போய் நின்று, "என் பதில், 'சரி'" என்றாளாம். அவர் சைகையால் "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு, கசிவு இருந்த இடத்தில் சுண்ணாம்புக் குறி போட்டுவிட்டுத்தான் நிமிர்ந்தாராம். இதைச் சொல்லும்போது என் மகளுக்கு எத்தனை பெருமை என்கிறீர்கள்!

தாய்மார்களே, தோழர்களே, இளைஞர்களே! தயக்கம் எல்லாம் உயர்வு என்று சொல்ல நான் வரவில்லை. கோழையின் தயக்கமும் உண்டு. ஆனால் அளந்து பார்க்க ஓர் அளவுகோல் தருகிறேன். தனக்கு அடிபடக் கூடாது என்று தயங்குகிறவன் கோழை. அவளுக்கு அடிபடக் கூடாது என்று தயங்குகிறவன் காதலன்! இந்த வேறுபாட்டை எனக்குக் கற்றுத் தந்தது எது? பள்ளியா? பட்டமா? இருபத்தாறு ஆண்டுச் சாலையா? இல்லை! கோட்டாலும் வண்ணத்தாலும் ஆன ஒரு சலவைக்கடைக்காரன்! வரைந்த கண்ணீர் பொய் என்பவர்களிடம் கேட்கிறேன்: அது வரவழைத்த கண்ணீரும் பொய்யா? வரைந்த மனிதன் இல்லாதவன் என்பவர்களிடம் கேட்கிறேன்: இருக்கும் மனிதர்களான நானும் என் மகளும் ஒருவரோடொருவர் பேசாமல் கிடந்த ஓராண்டை உடைத்தவன் அவன் அல்லவா?

இன்று வீடு திரும்பியதும், உங்கள் வீட்டில் யாராவது மெல்லப் பேச வாயெடுத்தால், அவர்கள் முடிக்கும்வரை பொறுத்திருங்கள். எவ்வளவு நேரமானாலும் பொறுத்திருங்கள்!

என் நீண்ட பேச்சைத் தாங்கிய தலைவர் உமெசாவா அவர்களுக்கும், ஒலிபெருக்கியைக் காத்த நண்பர்களுக்கும், கண்ணைத் துடைத்துக்கொண்டே "தூசி" என்று பொய் சொல்லும் கடைசி வரிசைக் கணவன்மார்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. எங்கோ ஓர் அறையில் குனிந்து அமர்ந்து, நாம் பார்ப்பதற்காக ஒரு கையை இன்னொரு கைக்கு அருகே நகர்த்தி நகர்த்தி வரைந்துகொண்டிருக்கும், பெயர் தெரியாத அந்த ஓவியர்களுக்கு நம் எல்லோர் சார்பிலும் வணக்கம் செலுத்தி விடைபெறுகிறேன். வணக்கம்!